ஷீலா அக்காவின் கைகள்

வீடியோ எடுக்கும் நாளில் ஷீலா தன் கையிலிருந்த செப்பு வளையலைக் கழற்றிச் சூர்யகலாவின் கையில் போட்டுவிடுவாள். கழுத்துக்குக் கீழே மட்டும் தெரியும்படி கேமராவை இறக்கி வைப்பாள். சூர்யகலா சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, களிமண் உருண்டையை அதன் மேல் அறைந்து, ஈரக்கையால் அமுக்கி நடுவில் நிறுத்துவாள். மண் சுழன்று கோப்பையாக எழும். அது முடிந்ததும் ஷீலா வளையலைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் வந்து உட்காருவாள். "இந்தக் கோப்பையை வனையும்போது என் மனசுல என்ன ஓடுச்சுன்னா..." என்று பேச ஆரம்பிப்பாள்.

இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் வனைந்தவளும் பேசியவளும் ஒருத்திதான்.

போடியிலிருந்து குரங்கணி போகும் ரோட்டில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது பட்டறை. ஷீலாவின் அப்பா ஏலக்காய் வியாபாரி. அவர் காய் உலர்த்திய பழைய கட்டடத்தில்தான் சக்கரமும் சூளையும் வைத்திருந்தாள் ஷீலா. மழை நாளில் சுவரிலிருந்து இன்னமும் ஏலக்காய் வாசம் வரும். இங்கே செய்யும் கோப்பைகள் மூணாறு விடுதிகளுக்கும் கொச்சிக் கடைகளுக்கும் போகும். ஒவ்வொன்றின் அடியிலும் 'ஷீலா' என்று முத்திரை இருக்கும்.

சூர்யகலா பொட்டிபுரத்துக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் மண் பிசையத்தான் வந்தாள். ஒரே வருஷத்தில் சக்கரம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் புருஷன் சின்னச்சாமி இரண்டு தடவை குடித்துவிட்டு வந்து கேட்டைப் பிடித்து உலுக்கினான். ஷீலாதான் அவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய், இனி வரமாட்டேன் என்று எழுதி வாங்கினாள். பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு அறையை ஒழித்துக்கொடுத்து, "இது உன் வீடு கலா" என்றாள். ஷீலாவைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் சூர்யகலாவுக்குச் சிக்கல்.

பிறகு ஷீலாவின் மணிக்கட்டு நரம்பு இறுகிப்போனது. ஆபரேஷன் செய்தும் பலம் வரவில்லை. "ரெண்டு மாசம் சமாளி கலா, எனக்குச் சரியாயிரும்" என்றாள். அந்த ரெண்டு மாசம் ரெண்டு வருஷம் ஆகிவிட்டது.

சாயங்காலம் காட்டுமாடு இறங்கும் என்பதால் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு ஷீலா போடிக்குப் போய்விடுவாள். உள்ளே ஆணியில் இன்னொரு சாவி தொங்கும். சூர்யகலா நினைத்தால் எடுத்துத் திறக்கலாம். திறந்து எங்கே போவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

தை மாதம் மதுரையில் ஒரு கைத்தொழில் பயிற்சி நிலையத்தில் மண்பாண்டம் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்த கோப்பைகளைப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'இவை ஷீலா அவர்களின் வேலை. எங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் சொந்த வேலையை அனுப்புங்கள்.'

சூர்யகலா மண் பிசையும் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் அலமாரியில் இருநூறு கோப்பை. அத்தனையும் அவள் வனைந்தது. எதை அனுப்புவது? முத்திரை குத்தாத ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பு லேசாக வெளியே மடங்கும் அந்த வளைவைப் பார்த்தாலே ஜனங்கள் ஷீலா என்பார்கள். புதிதாக வேறொன்று செய்து அனுப்பினாலும், ஷீலாவைப் பார்த்துச் செய்தது என்றுதான் சொல்வார்கள். கோப்பையைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தாள்.

'எல்லாம் நான் செஞ்சதுதான் மேடம்' என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அங்கிருந்து ஷீலாவுக்கே போன் வந்தது. போனை ரொம்ப நேரம் பிடிக்க முடியாததால் ஷீலா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"சூர்யகலான்னு ஒருத்தங்க விண்ணப்பம் போட்டிருக்காங்க. உங்க பட்டறையில என்ன வேலை பாக்குறாங்க?"

ஷீலா சூர்யகலாவைப் பார்த்தாள். சூர்யகலாவின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மண்.

"பேக்கிங் பாக்குறா. ரொம்ப நல்ல பொண்ணு."

போன் அணைந்தது. சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல கலா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"உன்னைய யாரு இங்க கட்டிப்போட்டிருக்கா? கேட்டு தெறந்துதான கெடக்கு."

"தெறந்துதான் கெடக்கு. ஆனா வெளிய போனா நான் பேக்கிங் பாக்குறவ. இங்க இருந்தா உங்க கை. ரெண்டுலயும் நான் இல்லக்கா."

ஷீலா மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். "நீதான் செஞ்சேன்னு சொன்னா அப்புறம் நான் யாருடி? இந்த ஒண்ணைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

ஷீலாவின் விரல்கள் ஒரு முடிச்சைப் போட முடியாமல் திணறுவதைப் பார்த்து, சூர்யகலா பழக்கதோஷத்தில் கிட்டே போய் முடிச்சைப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் தன் மேலேயே கோபம் வந்தது. கையைக் கழுவிவிட்டு, ஷீலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதுரைக்குப் போன் பண்ணினாள்.

"மேடம், ஒரு சக்கரமும் அரைமணி நேரமும் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க" என்றார்கள்.

வியாழக்கிழமை தங்கப்பாண்டியின் ஜீப்பில் போடிக்கு இறங்கினாள். அவர் மலையிலிருந்து ஏலக்காய் லோடு ஏற்றி வருபவர். "என்ன தாயி, உங்கக்கா இல்லாம தனியா?" என்று கேட்டார். "சோலி இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னாள். போடியில் மதுரை பஸ்சைப் பிடித்தாள்.

பயிற்சி நிலையத்துச் சக்கரம் அவளுக்குப் பழக்கமில்லாதது. மிதித்ததும் வெறிபிடித்த மாதிரி சுற்றியது. முதல் உருண்டை ஒருபக்கம் சாய்ந்து பிய்ந்து விழுந்தது. பொறுப்பாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூர்யகலா மிதியை மெல்ல விட்டுப் பழகிக்கொண்டு, அடுத்த உருண்டையை அறைந்தாள். அரைமணி நேரத்தில் எட்டுக் கோப்பை வரிசையாக நின்றன. எட்டும் ஒரே உயரம், ஒரே விளிம்பு.

அந்த அம்மா குனிந்து அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அந்த வீடியோவுல வனையுறது..."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் பஸ் ஏறினோம் என்று நினைத்திருந்தாள். வாய் திறந்தபோது வேறு வந்தது. "அதை அவங்ககிட்ட கேளுங்க மேடம். நான் இந்த எட்டைப் பத்தித்தான் சொல்ல முடியும்."

அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது ஷீலா கேட்டிலேயே நின்றிருந்தாள். "சொல்லிட்டியா?"

"சொல்லல."

ஷீலா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்ததும், "கொச்சிக்கு முந்நூறு கப்பு போகணுமே கலா" என்றாள்.

சூர்யகலாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த முந்நூறு முடிந்தால் இன்னொரு முந்நூறு இருக்கும். ஆனாலும் உட்கார்ந்து வனைந்தாள். பத்து நாள் ஆனது. ஷீலா ஒருநாள் வளையலைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சூர்யகலா கையை நீட்டவில்லை. ஷீலா அதை மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு கேமரா வெளியே வரவேயில்லை.

கிளம்பும் நாளில் தங்கப்பாண்டி ஜீப்பை நிறுத்தி, "வெரசா ஏறு தாயி" என்றார். ஒரே ஒரு பை. 'போறேன்க்கா' என்று சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் நினைத்து வைத்திருந்தாள்.

"வர்றேன்க்கா" என்றாள்.

மதுரையில் தினமும் வகுப்பு முடிந்ததும் போனில் ஷீலாவின் வீடியோ பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். மூன்று மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் ஒரு வீடியோ வந்தது. ஷீலாவின் முகம் மட்டும். "என் கை போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுவரைக்கும் நான் சொல்லல" என்றாள் ஷீலா. வனைந்தது யார் என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, அதோடு முடிந்துவிட்டது.

சூர்யகலா அதை இரண்டு தடவை பார்த்தாள். ஷீலாவின் நம்பரை எடுத்தாள், அழைக்கவில்லை. மறுநாள் வகுப்புக்குப் பதினாறு பேருக்கு மண் பிசைந்து வைக்க வேண்டியிருந்தது. எழுந்து போய் அதைச் செய்தாள்.