தீயணைப்பு வண்டியின் சாவி

எங்கள் ஊர் லாரல் பாட்டத்தில் தீயணைப்புப் படை உருவானதே ஒரு கோபத்தில்தான். பென்சில்வேனியாவில் நிலக்கரி கொடிகட்டிப் பறந்த காலம். தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வரிசை முழுக்கப் பற்றி எரிந்தபோது, சுரங்க முதலாளிகள் தங்கள் குழாய்களை எடுத்துக்கொண்டுபோய்க் கரி உடைக்கும் கூடத்தின் கூரையை நனைத்துக்கொண்டிருந்தார்களாம். அடுத்த மாதமே ஊர் ஆண்கள் கையால் இழுக்கும் வண்டி ஒன்றை வாங்கி, சம்பளமில்லாத படை ஒன்றைத் தொடங்கினார்கள். நமக்கு நாமே என்று வண்டிக் கொட்டகை வாசலில் எழுதியும் வைத்தார்கள்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது கை வண்டி போய்ச் சிவப்பு மோட்டார் வண்டி வந்திருந்தது. அதை வாங்கிக் கொடுத்தது பெண்கள். படையின் மகளிர் குழு வாரம் தவறாமல் வியாழக்கிழமை கொட்டகையின் சமையல்கட்டில் கூடி, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த பிரோகியை அவித்து, வெள்ளிக்கிழமை விற்றது. அப்படி வந்த வண்டி. அணிவகுப்புக்கு முன்னால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் நாங்கள்தான். ஏறி உட்காருவது ஆண்கள்.

மகளிர் குழுவின் தலைவி வெர்னா. போர்க்காலத்தில் அண்ணன்மார்கள் பட்டாளத்துக்குப் போனபின் அப்பாவின் கரி லாரியை ஓட்டியவள். அவள் கணவன் ஸ்டீவ் படையின் துணைத் தலைவன். தலைவன் க்ளெம். ஸ்டீவும் அவனும் பதினாறு வயதில் ஒன்றாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள்.

எழுபதுகளில் சுரங்கங்கள் மூடிக்கிடந்தன. ஆண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே தூரத்து இரும்பாலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பகலில் ஊரில் இருந்தது பெண்களும் குழந்தைகளும், சுரங்கத் தூசி நெஞ்சில் உறைந்துபோன கிழவர்களும்தான். பகலில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை கொட்டகையின் போன் அடித்தது. பெவன் வீட்டு அடுப்படியில் தீ. வெர்னா அபாயச் சங்கை ஊதவிட்டாள். இரண்டு கிழவர்கள்தான் வந்தார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெர்னா மாவுக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள்.

"ஏறுங்கடி" என்றாள். "டெல்லா, நீ குழாய புடி. ஞாயித்துக்கிழமை பயிற்சியெல்லாம் நின்னு பாத்திருக்கல்ல?"

"பாத்திருக்கேன். தொட்டதில்லையே!" என்றேன்.

"இன்னிக்குத் தொடு" என்ற வெர்னா, சுவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

பெவன் வீட்டில் அடுப்படி போனது. வீடு நின்றது. மாடியில் தூங்கிய கைக்குழந்தையும் பிழைத்தது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியைக் கழுவி இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்ச மாவை மடிக்க உட்கார்ந்தோம்.

சாயங்காலம் க்ளெம் வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஸ்டீயரிங்ல மாவு ஒட்டியிருக்கு" என்றான்.

அந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. மகளிர் குழுவினர் இனி வண்டியையோ கருவிகளையோ தொடக்கூடாது. வண்டிச் சாவி தலைவனிடம் மட்டும் இருக்கும். காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம்.

"பொம்பளைங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான் க்ளெம். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க வீட்டுக்காரங்களுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"பக்கத்து ஊர்க்காரன் என்னைப் பாத்து என்ன கேட்டான் தெரியுமா? உங்க ஊர்ல ஆம்பளைங்க பிரோகி மடிக்கிறாங்களான்னான்!" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, கூடமே சிரித்தது.

உணவு பரிமாறும் சின்ன ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கைகள் உயர்ந்தன. ஸ்டீவ் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அவனும் தூக்கினான். வெர்னா காப்பிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, கூடத்துக்கு எடுத்துப்போய் ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். ஸ்டீவுக்கும் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடக்கையில் அவன்தான் வாயைத் திறந்தானாம்.

"க்ளெமை நடு சபையில விட்டுக்கொடுக்க முடியுமா, சொல்லு?"

"என்னை விட்டுக்கொடுக்க முடிஞ்சுதே."

"நீ வீட்டு மனுஷி. நீ புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்."

"புரிஞ்சுது" என்றாளாம் வெர்னா.

அக்டோபரில் இன்னொரு வியாழக்கிழமை. போனை எடுத்தது வெர்னா. மறுமுனையில் ஓல்கா. எங்களுக்கெல்லாம் பிரோகி மடிக்கக் கற்றுக்கொடுத்தவள், கால் வீங்கி வெளியே வராமல் போனவள். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"வெர்னாவா? அப்பாடா, நீ இருக்கியா. கீழ புகையா இருக்கும்மா, எறங்க முடியல. வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடு, என்ன?"

வெர்னா ஒரு நொடி கண்ணை மூடினாள். "வரேன் ஓல்கா. ஜன்னலைத் தொறந்து தலைய வெளிய நீட்டிக்கிட்டு இரு" என்றாள்.

வண்டி எங்கள் முன்னால் நின்றது, தொட்டி நிறையத் தண்ணீரோடு. சாவி இரும்பாலையில், க்ளெமின் சட்டைப் பையில். பக்கத்து ஊருக்குப் போன் செய்துவிட்டு, பிரோகி அவிக்கும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்துப் பிடித்து ஊற்றினோம். மர வீடு அது, ஊற்ற ஊற்ற எரிந்தது. ஓல்கா ஜன்னலில் இல்லை. வெர்னா ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். மாடிப்படியின் கைப்பிடி வரைதான் போக முடிந்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்து வெளியே வந்தாள். பக்கத்து ஊர் வண்டி வந்தபோது கூரை இறங்கிவிட்டது.

ஓல்காவின் சவப்பெட்டியைப் படையினர்தான் சுமந்தார்கள். வெள்ளைக் கையுறை, மெருகேற்றிய பொத்தான்கள், வாசலில் மணியடித்து மரியாதை. தேவாலயம் முடிந்து எல்லாரும் கொட்டகைக்கு வந்தால், வழக்கமாக நாங்கள் சாவுச் சாப்பாடு பரிமாறும் மேசைகள் வெறுமையாக இருந்தன. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. நாங்கள் கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்றிருந்தோம்.

க்ளெம் வெர்னாவிடம் வந்தான். "சாப்பாடு என்னாச்சு? ஜனம் காத்துக்கிட்டு இருக்கு."

கட்டுப்போட்ட கையால் அவள் சமையல்கட்டுச் சாவியைக் கைப்பையிலிருந்து தடுமாறி எடுத்து, அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதையும் நீயே வச்சுக்க க்ளெம்."

அவன் முகம் சிவந்தது. "அன்னிக்கு அப்படி ஆகும்னு எவனுக்குத் தெரியும் வெர்னா?"

"எங்களுக்குத் தெரியும். நாங்க பகல்ல இங்கதானே இருக்கோம்."

ஸ்டீவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வெளியேறினோம். அதற்குப் பிறகு ஒருத்தியும் அங்கே போய்ச் சமைக்கவில்லை.

ஒரு வாரத்தில் வண்டிச் சாவி பழையபடி சுவர் ஆணிக்கே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை. வருத்தம் தெரிவித்தும் யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வருமானம் நின்றது. ஆண்கள் சீட்டு விளையாட்டு நடத்திப் பார்த்தார்கள், பீர் விற்றுப் பார்த்தார்கள். வண்டியின் பம்பு பழுதாகி ஒரு கோடை முழுக்க அப்படியே கிடந்தது. படையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் போட்டார்கள். பெவன் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றியது க்ளெமின் தலைமையில் இயங்கிய படை என்று அதில் இருந்தது. ஆர்வம் குறைந்ததால் மகளிர் குழு கலைந்தது என்றும் இருந்தது. ஓல்காவைத் தேடினேன். பெயரே இல்லை.

க்ளெம் இறந்தபின் அவன் தம்பி மகன் தலைவனானான். ஆள் கிடைக்காமல் தவித்து, ஒரு நாள் வெர்னாவின் வீட்டுக்கு வந்தான். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. நான் அங்கேதான் இருந்தேன்.

"அத்தை, இப்ப பொம்பளைங்களும் சேரலாம்னு மாத்திட்டோம். பகல்ல வண்டி எடுக்க ஆளே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்குத் தெரியும்?"

வெர்னா அவனுக்குக் காப்பி ஊற்றினாள். விரல்கள் முழுதாக மடங்காததால் கெண்டியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஊற்றுவாள்.

"கியர் போட வராதுப்பா" என்றாள், கையை அவன் முன்னால் நீட்டி. "அப்ப வந்துச்சு."

பையன் தலை குனிந்தான். மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டீவ் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தான்.

"வெர்னா, அன்னிக்கு நான்..."

"காப்பி ஆறுது ஸ்டீவ்" என்றாள் அவள்.

அவன் குடித்தான். பையன் எழுந்து போனான். இரண்டு வருடத்தில் படையைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். வண்டியை யாரோ வெளியூர்க்காரர் அணிவகுப்புகளில் ஓட்டுவதற்கென்று வாங்கிக்கொண்டு போனார். அது மலையிறங்கிப் போனபோது ஊரே வாசலில் நின்று கையசைத்தது. வெர்னா உள்ளே இருந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.