நெட்டையனின் நிழல்

செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தில் மனிதன் என்பவன் ஒரு புள்ளியும் ஒரு நிழலும்தான். அந்த நிழலை வைத்தே உளவுத்துறைப் படப் பிரிவின் தலைவர் பக்கத்து நாட்டின் புதுப் போர் விமானத்தை அளந்திருந்தார். விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ஒரு துண்டுதான் படத்தில் விழுந்திருந்தது. அதில் ஆறு பேர் நின்றார்கள். சூரியன் நின்ற உயரம் தெரியும், சராசரி ஆளின் உயரம் தெரியும். மற்றதெல்லாம் வெறும் கணக்கு. விமானத்தின் நீளம் பத்தொன்பது மீட்டர். கப்பலின் லிஃப்டில் ஏறாது, கீழ்த்தளத்துக்கு இறங்காது, சும்மா காட்சிக்கு நிறுத்தியது. இயக்குநரிடம் மார்தட்டிச் சொல்லியாயிற்று. சாயங்காலம் மேலிடத்தில் கூட்டம். அவர் சொன்ன அளவு இதுவரை தப்பியதில்லை என்பதுதான் அவருக்கு அங்கே இருந்த மரியாதை.

மத்தியானம் மச்சினி வந்து நின்றாள். மனைவியின் தங்கை, பரீட்சை எழுதி, சொந்தக் கெட்டிக்காரத்தனத்தில் வேலைக்கு வந்தவள். ஊர் வாய்க்குப் பயந்து, ஆபீசில் உறவு கொண்டாடக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். அவளும் வாய் தவறியதில்லை.

"சார், ஆறு பேர்ல ஒருத்தர மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"அவன் நெட்டையன்மா. நிழல் மத்தவங்கள விட நீளம். சேத்தா சராசரி கெட்டுடும்."

"அவர் இழுவை வண்டிக்குப் பின்னால நிக்கிறார். மத்த அஞ்சு பேரும் வெட்டவெளில."

"அதுக்கென்ன?"

"மொட்டை மாடிக்கு வாங்க, காட்றேன்."

மாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. "சூரியனப் பாத்து நில்லுங்க. எதிர்க்காத்து பலமா அடிக்குதுன்னு நெனச்சுக்குங்க."

அவர் குடிகாரனைப் போல முன்னால் சாய்ந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் டேப் பிடித்து நிழலை அளந்தாள். நிமிரச் சொல்லி மறுபடி அளந்தாள். நிழல் ஒரு சாண் கூடியிருந்தது.

அவருக்குப் பகீரென்றது. ஓடுகிற கப்பலுக்கு வெயிலும் எதிரே, காற்றும் எதிரே. ஐந்து பேர் காற்றில் சாய்ந்து நின்றதால் நிழல் குட்டையாகிவிட்டது. வண்டி மறைவில் இருந்தவன் நெட்டையனே இல்லை. அவன் ஒருவன்தான் நேராக நின்றவன். அவனை வைத்துக் கணக்குப் போட்டால் விமானம் பதினேழு மீட்டர். லிஃப்டில் தாராளமாக இறங்கும்.

அவளை நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அந்தப் படத்தை அவரும் நாள் முழுக்க முறைத்துப் பார்த்தவர்தான். காற்று கண்ணில் படவேயில்லை.

"நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லிடுங்க சார். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவர் படியிறங்கினார்.

கூட்டத்தில் எழுந்து நின்றார். "பத்தொன்பதுன்னு சொன்னது தப்பு சார். பதினேழுதான். அந்த விமானம் லிஃப்டுல இறங்கும். தப்பு என்னோடது."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் கண்டுபிடிச்சது?"

படங்களோடு கதவோரம் நின்றவளை அவர் திரும்பிப் பார்த்தார்.

"என் மச்சினி" என்றார்.

அறையே அவளைப் பார்த்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அத்தான் வெயில்ல சாய்ஞ்சு நின்னாங்க சார். அதான் தெரிஞ்சுது."