உச்சியில் சொல்ல ஒரு வாக்கியம்

பல் செட் செய்யும் கூடத்தில் அக்காவுக்கு ஜன்னலோர மேசை. ரோஜா நிற மெழுகில் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்தபடி, காதில் ஓடும் பாடத்தோடு சேர்ந்து போர்ச்சுகீசியம் முணுமுணுப்பாள். இரண்டு வருஷமாக இப்படித்தான். அந்த மொழியின் வாக்கியங்கள், கதவைச் சாத்தாமல் வெளியே போகிறவர்களைப் போல முடிந்தன. அது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சங்கதியும் அதுதான்.

மற்றதெல்லாம் தங்கையின் ராஜ்ஜியம். சுவர் முழுக்க மலையோட்டப் பதக்கங்கள், வாசலில் சேறு அப்பிய ஷூக்கள். மூன்று மாதத்துக்கு முன்னால், "சும்மா ஜாலிக்குக்கா" என்று சொல்லி, அதே பாடத்தைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டாள். மேடு ஏறி ஓடும்போது கேட்பாளாம். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாலும் வார்த்தைகள் அவள் நாக்கில் வெண்ணெயாய் வழுக்கின. அக்காவுக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷ மலையோட்டப் பந்தயத்துக்குப் போர்ச்சுகீசியம் பேசும் ஓட்டக்காரி ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்ததும், உச்சிச் சாவடியில் உதவிக்கு நிற்க அக்கா பெயர் கொடுத்தாள். வேலை சுலபம். ஏறி வருகிறவர்கள் கையில் ஒரு மஞ்சள் ரப்பர் வளையத்தை மாட்டிவிட வேண்டும். கீழே வளையமில்லாமல் வந்து சேர்ந்தால் ஓட்டம் செல்லாது.

அந்த ஓட்டக்காரி வந்ததும் சொல்ல அக்கா போர்ச்சுகீசியத்தில் ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தாள். 'வாருங்கள், ஏற்றம் முடிந்தது, இனி மலை உங்களைச் சுமக்கும்.' பத்து நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

பெண்களில் முதலாவதாக இருவர் சேர்ந்தே வந்தார்கள். அந்த ஓட்டக்காரியும் தங்கையும், ஏற்றம் முழுக்கப் பேசிச் சிரித்தபடி. அக்கா தொண்டையைச் செருமினாள். அதற்குள் தங்கை, விருந்தாளியை வரவேற்பதுபோலக் கையை விரித்து, அந்த வாக்கியத்தை முழுசாக, அழகாகச் சொல்லி முடித்துவிட்டாள். ஓட்டக்காரி நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

"எப்படிக்கா? நீ பாத்ரூம்ல சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

அக்கா ஓட்டக்காரிக்கு வளையம் மாட்டினாள். தங்கை பேச்சுச் சுவாரஸ்யத்தில் தண்ணீரை வாங்கி மடக்கென்று குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தாள். அவளுக்கான வளையம் அக்காவின் மூடிய கைக்குள் இருந்தது. அக்கா கூப்பிடவில்லை.

சாவடியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டார்: "ஏம்மா, தங்கச்சிக்கு மாட்டினியா? கை வெறுமையா இருந்த மாதிரி தெரிஞ்சுது."

"மாட்டினேண்ணே."

"அப்ப சரி. சொந்தத் தங்கச்சிக்கு மறப்பியா என்ன?"

சுவரில் ஒரு பதக்கம் குறையும். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இனிக்கத்தான் செய்தது. பிறகு, விடியும் முன்னே எழுந்து, இவளை எழுப்பிவிடக் கூடாதென்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மாட்டுகிற தங்கை ஞாபகத்துக்கு வந்தாள். சனியன்.

இறங்கும் பாதை சுற்றிக்கொண்டு சாவடிக்கு நேர் கீழே திரும்பி வரும். அக்கா சரிவில் இறங்கினாள். இறங்கினாள் என்ன, சரளையில் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனாள். ஒரு செருப்பு தனியே போயிற்று. 'நில்லுங்கள்' என்ற கத்தல் போர்ச்சுகீசியத்தில்தான் வந்தது. ஓட்டக்காரி சட்டென்று நின்று தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அக்கா மூச்சிரைக்க வளையத்தை நீட்டினாள். தங்கை தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்; முகம் வெளுத்துவிட்டது.

"மறந்துட்டியாக்கா?"

"மறக்கல."

தங்கை வளையத்தை மாட்டிக்கொண்டாள். "அந்த வாக்கியத்த நான் சொல்லியிருக்கக் கூடாது, இல்ல?"

"கூடாது."

ஓட்டக்காரி அக்காவின் முழங்காலைக் காட்டி மளமளவென்று ஏதோ கேட்டாள். ரத்தம் வருகிறதே, நடந்து மேலே போக முடியுமா, நான் வந்து ஏற்றிவிடட்டுமா என்றாள். ஒரு சொல் விடாமல் அக்காவுக்குப் புரிந்தது. வேண்டாம், வலி கொஞ்சம்தான், நீங்கள் ஓடுங்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம்.

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னக்கா கேட்டாங்க? இவ்வளவு வேகமாப் பேசினா எனக்கு ஒண்ணுமே புரியல."

"உனக்கெதுக்கு? ஓடு" என்றாள் அக்கா.