முன்னறைப் பொம்மைகள்

ஊரின் பழமையைக் காப்பாற்ற ஒரு குழு அமைந்தபோது, அவர்கள் கண் முதலில் விழுந்தது தையல்காரியின் வீட்டின் மேல்தான். ஊரிலேயே பழைய வீடு அது. தூறல் போட்டாலே ஒழுகும் என்பதும் ஊருக்குத் தெரியும். குழுத் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக் கொழுந்தன்தான்.

"அண்ணி, ஊரே சேந்து கூரை போட்டுத் தருது. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருந்தா போதும்" என்றான்.

சும்மா வருகிற கூரையை யார் வேண்டாமென்பார்கள்? அவளுக்கு வாயெல்லாம் பல்.

குறை சொல்லக்கூடாது, ஊர் திரண்டு வந்துதான் வேலை செய்தது. ஓடு ஏற்றினார்கள், சுவர் பூசினார்கள். வேலை முடிந்த கையோடு அவளுடைய பிளாஸ்டிக் வாளி அவர்கள் கண்ணை உறுத்தியது. அப்புறம் மின்விசிறி. அப்புறம் தையல் மெஷின். மோட்டார் வைத்த மெஷினாம், வீட்டின் வயசுக்குப் பொருந்தாதாம். எல்லாம் வெளியே போயின. வீட்டைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். முன்னறையில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பார்க்க வருகிறவர்கள் இதைத் தாண்டக் கூடாது என்றார்கள். தானும் தாண்டக் கூடாது என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணியும் நக்கல் மட்டும் போகவில்லை. அவர் கட்டிலை நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் வீட்டின் கடைசியில் இருந்த விறகு அறையில் போட்டார்கள்.

"இடம் குடுத்தா மடத்தப் புடுங்குவான்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அவர். "அதுவும் கூடப் பொறந்தவன்."

"கூரை போட்டுக் குடுத்தாங்களே. நன்றி கெட்டவங்கன்னு ஊரு பேசாதா?"

"கூரைய அங்க போட்டாங்க. நாம இங்க கெடக்கோம்."

விறகு அறைக்கு மட்டும் யாரும் ஓடு மாற்றவில்லை. அவள் மேலே பார்த்துவிட்டு அவருடைய தலையணையைச் சரி செய்தாள்.

அதன் பிறகு பொம்மைகள் வந்தன. ஒரு ஆண், ஒரு பெண், ஆள் உயரத்தில். அந்தக் காலத்து உடுப்பாகத் தைத்துத் தரச் சொன்னான் கொழுந்தன். "உங்க கை பட்டாத்தான் அண்ணி அழகு."

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு பெண் பொம்மையின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். இடது தோளிலிருந்து வலது தோளுக்கு அளந்தாள். டேப் சரிந்தது. மறுபடி வைத்துப் பார்த்தாள். வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வருஷக்கணக்காக மெஷினில் குனிந்து குனிந்து அவளுக்கு இறங்கிய தோள் அது. கழுத்துச் சுற்றளவை அளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, இது யாரு?"

"யாருமில்ல அண்ணி. பொம்மை."

"தோளு என் தோளாட்டம் இருக்கே."

அவன் சிரித்தான். "செய்யறவனுக்கு ஒரு மாதிரி வேணுமில்ல? உங்க ரெண்டு பேரு போட்டோவக் குடுத்தேன். வீட்டுக்காரங்க ஜாடை இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

"நாங்கதான் உசுரோட இருக்கோமே."

"யாரு இல்லேன்னா?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். போய்க் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"தெறப்பு விழா முடிஞ்சா நாங்க முன்னாடி வந்துரலாமில்ல? அவருக்கு அந்த அறையில மூச்சு முட்டுது."

"பாக்கலாம் அண்ணி."

'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி உருப்பட்டவர் யாருமில்லை. இருந்தாலும் அவள் நம்பினாள். நம்பித்தான் இரண்டு உடுப்பையும் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். ஆண் பொம்மைக்குச் சட்டை மாட்டும்போது அதன் வலது கை விறைப்பாக, நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

திறப்பு விழா அன்று காலையிலேயே முன்பக்கத்திலிருந்து விறகு அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். "கொஞ்ச நேரந்தான். சத்தம் மட்டும் வராம பாத்துக்குங்க" என்று கதவுக்கு அப்பாலிருந்து சொன்னான் கொழுந்தன். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தங்கள் நெருங்கின. கைதட்டல் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அச்சு அசலா இருக்கே! இந்த வீட்டுக்காரங்க இப்ப எங்க இருக்காங்க?"

"இல்லீங்க" என்றான் கொழுந்தன். அவன் குரல் தழுதழுத்தது. "எங்க அண்ணனும் அண்ணியுந்தான். தங்கமான மனுசங்க."

"அடப் பாவமே" என்றார் யாரோ.

அந்தத் தழுதழுப்பைக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பிப் பார்த்தாள். கணவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்திருந்தது. நல்ல கையால் துண்டைச் சுருட்டித் தன் வாயில் தானே திணித்துக்கொண்டிருந்தார் அவர். கண் பிதுங்கி, நீர் வழிந்தது. தன் வீட்டில் இரும ஒருவன் பயப்படுவதா? அவள் துண்டைப் பிடுங்கி எறிந்தாள்.

"இருமுங்க. நல்லா இருமுங்க."

அவர் இருமினார். கட்டில் ஆடியது. அவள் எழுந்துபோய்க் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இரண்டு கையாலும் கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"பழைய வீடுங்க" என்றான் கொழுந்தன். "அப்படித்தான் ஏதாவது சத்தம் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். செருப்புச் சத்தங்கள் அடுத்த அறைக்கு நகர்ந்தன.