இரண்டு சென்டிமீட்டர் குறைந்துபோன பிள்ளை

டேப்லட் மூன்றாவது முறையும் சிவப்பாக மின்னியது.

உஷாந்தி பிள்ளையை மறுபடி உயரப் பலகையில் நிற்கவைத்தாள். குதிகால் பலகையை ஒட்டியிருந்தது. முழங்கால் மடங்கவில்லை. தலைக்கு மேலிருந்த கட்டையை மெல்ல இறக்கி, குனிந்து பார்த்தாள். எண்பத்தொரு சென்டிமீட்டர். முதலில் அளந்தபோதும் அதுதான், அடுத்ததிலும் அதுதான். ஆனால் அந்த எண்ணைத் தட்டினால் டேப்லட் வாங்க மாட்டேன் என்கிறது.

"என்ன மிஸ்ஸி, மெசின் கெட்டுப்போச்சா?" என்றாள் பிள்ளையின் அம்மா திலகவதி.

"மெசின் நல்லாத்தான் இருக்கு அக்கா. நம்பர்தான்..." உஷாந்தி முடிக்கவில்லை.

அவள் மிஸ்ஸி இல்லை. நர்ஸ் வேலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கதவு திறந்ததுமே சொல்லிவிட்டாள். ஆனால் மலாக்காவின் புக்கிட் ரம்பாய் ப்ளாட்டில், பிள்ளையின் எடையைப் பார்க்க வருகிற பெண் யாராக இருந்தாலும் மிஸ்ஸிதான். நாடு முழுக்கச் சில ஆயிரம் குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் எப்படி வளர்கிறார்கள், எப்போது நடந்தார்கள், எப்போது பேசினார்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து பார்க்கிற பெரிய ஆய்வு அது. பாச்சாங்கைச் சேர்ந்த உஷாந்தி அதில் புதிதாகச் சேர்ந்தவள். இந்த வீட்டுப் பிள்ளை கவிஷா போன வருஷமே பொறுக்கப்பட்டவள். இப்போது வயது இரண்டே முக்கால் நெருங்குகிறது.

திலகவதி எட்டிப் பார்த்தாள். பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் நின்று நின்று பழகியவள் அவள். சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அவளால் நகர முடியாது. மலாயில் ஒரே ஒரு வரி. உயரம் சென்ற அளவைவிடக் குறைவாக இருக்க முடியாது. அதன் கீழே, சென்ற அளவு எண்பத்து மூன்று.

"போன வருசம் எம்பத்து மூணு. இந்த வருசம் எம்பத்தொண்ணு. பிள்ளை எப்படி மிஸ்ஸி குட்டையாகும்?"

பலகையை விட்டு இறங்கிய கவிஷா, நாற்காலிக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். தலை இடிக்கவேயில்லை.

ஒரு வருஷமாகத் திலகவதி தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தானே. போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இந்தத் தீபாவளிக்கும் கச்சிதமாக இருந்தது. துணியைப் பார்த்துப் பார்த்து வளர்கிற பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா வீட்டில், கவிஷாவுக்கு இளையவனான ஒரு பையன் அவளைவிட ஒரு தலை உயர்ந்து நின்றான். லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று கூட்டம். கவிஷா அழுது புரண்டாள். எடையை மட்டும் எப்படியோ பார்த்தார்கள். உயரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, திலகவதியே கைப்பையைத் திறந்து ஆய்வுக்காரர்கள் அனுப்பியிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். உங்கள் குழந்தையின் வளர்ச்சி இயல்பாக உள்ளது என்று முத்திரையோடு இருந்தது. டாக்டர் படித்தார், தலையாட்டினார். அப்பா அம்மா ரெண்டு பேருமே உயரம் கம்மிதானே, அடுத்த தவணைக்கு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

தன் கையாலேயே நீட்டிய கடிதம். அதை நினைத்தபோது அவள் குரல் தடித்தது.

"போன வருசம் யாரு அளந்தது?"

பிரஷாந்த் என்று ஒருவர், இப்போது வேலையில் இல்லை என்றாள் உஷாந்தி.

அன்று திலகவதி காலை ஷிப்டில் இருந்தாள். வீட்டில் இருந்தது அவள் புருஷன் விமலன். லோரி ஓட்டுகிறவன். இன்று சனிக்கிழமை ஓய்வு, டிவியில் பந்து விளையாட்டு. டேப்லட் முதல் தடவை சிவந்தபோதே அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டதை அவள் கவனித்திருந்தாள்.

"ஏங்க. அளந்தாங்கன்னுதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

"அளந்தாங்க லா."

"எப்படி அளந்தாங்க?"

"எப்படின்னா? அளந்தாங்க."

உஷாந்தி நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு குறுக்கே புகுந்தாள். இரண்டு வயதுக்குள் இருந்தால் நிற்கவைக்க மாட்டார்கள், படுக்கவைத்துத்தான் அளப்பார்கள் என்று சொல்லி, உறையிலிருந்து நீளப் பலகையை உருவித் தரையில் வைத்தாள். தலைமாட்டில் நிலையாக ஒரு தடுப்பு. கால்மாட்டில் நகர்த்துகிற இன்னொரு தடுப்பு. பிள்ளையைக் கிடத்தி, ஒருவர் முழங்காலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் தடுப்பை உள்ளங்கால் வரைக்கும் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

விமலன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அதை உள்ள வைங்க."

அன்று அளக்கவேயில்லை என்று திலகவதிக்குப் புரிந்துவிட்டது. மிச்சத்தை அவன் வாயிலிருந்து துண்டு துண்டாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அவன் அப்பா வீராசாமி தோட்டத்தில் இறந்தபோது, சவப்பெட்டிக் கடைக்காரர் வந்து அவரைப் பலகையில் கிடத்தி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நாடா பிடித்து அளந்தார். கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தவன் விமலன். போன வருஷம் அந்தப் பையன் இதே மாதிரி ஒரு பலகையை இந்தத் தரையில் போட்டு, பிள்ளையைப் படுக்கவைங்க அண்ணே, காலைப் பிடிச்சுக்குங்க என்றதும் இவனுக்கு உடம்பெல்லாம் ஆடிப்போய்விட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளையைப் படுக்கவைத்து அளக்கவிட மாட்டேன் என்று மறுத்தான். பிரஷாந்த் வாதாடவில்லை. ஓக்கே லா அண்ணே, பிரச்சனை இல்லை என்றான். வயதைக் கேட்டான், எதையோ தட்டினான், கையெழுத்து வாங்கினான், ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த எண்பத்து மூன்று, அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் சராசரியாக இருக்கிற உயரம். கவிஷாவை அவன் தொடவே இல்லை.

திலகவதி கத்தவில்லை. கத்தியிருந்தால் விமலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாம்னு சொன்னீங்க, சரி. உங்க பயம் உங்களுக்கு. கிளினிக்குல அந்த லெட்டரை நான் டாக்டர்கிட்ட நீட்டினப்போ பக்கத்துலதானே நின்னீங்க? அப்ப வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவன் டிவியை அணைத்தான்.

உஷாந்தி போன் போட, கீழே வேனில் இருந்த மேற்பார்வையாளர் நிர்மலன் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, நல்ல மரியாதையான மனிதர். பசியாறிட்டீங்களா என்று விசாரித்துவிட்டுத்தான் டேப்லட்டை வாங்கினார். பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. உஷாந்தியிடம் ஆங்கிலத்தில் தணிந்த குரலில், போன வருஷத்தோடு ஆறைக் கூட்டி எண்பத்தொன்பது என்று போடு, ஏற்றுக்கொள்ளும், மேலே இன்னும் நாலு வீடு இருக்கிறது என்றார்.

தினமும் ஆங்கிலத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டே வேலை செய்கிற திலகவதிக்கு அது புரியாதா என்ன?

"எம்பத்தொம்பதா சார்? எங்க, அந்த எட்டு சென்டிமீட்டர் என் பிள்ளை உடம்புல எந்தப் பக்கம் இருக்கு, காட்டுங்க."

நிர்மலன் சிரிக்கப் பார்த்தார். இது வெறும் கணக்குதான் அக்கா, ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் எண் ஒரு பொருட்டே இல்லை, உங்கள் பிள்ளை சின்ன உடம்பு, தானாக வளர்ந்துவிடும் என்றார்.

"கணக்கு மட்டும் இல்ல சார்," என்றாள் உஷாந்தி. அவளுக்கே தன் குரல் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். திலகவதியைப் பார்த்தே மீதியைச் சொன்னாள். உயரம் இவ்வளவு குறைந்திருந்தால் டேப்லட்டே பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டருக்குச் சேதி அனுப்பிவிடும், வரிசையில் காத்திருக்காமல் ஒரு வாரத்துக்குள் கூப்பிடுவார்கள், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், காரணம் தெரிந்தால் வைத்தியம் உண்டு. எண்பத்தொன்பது போட்டால் போன வருஷம் வந்த அதே கடிதம் இந்த வருஷமும் வரும்.

இன்னொரு வருஷம். திலகவதி நாற்காலிக்கு அடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

நிர்மலன் மூக்கைத் தடவிக்கொண்டார். அவரிடம் இன்னொரு வழி இருந்தது. "சரி, யாருக்கும் கஷ்டம் வேணாம். இந்தக் குடும்பம் வீடு மாறிப் போயிருச்சுன்னு போட்டுடலாம். பேர் தானா லிஸ்டுல இருந்து போயிடும். நீங்க தனியா கிளினிக்குல பார்த்துக்குங்க."

இதைக் கேட்டதும்தான் திலகவதிக்கு நிஜமாகவே ரத்தம் தலைக்கேறியது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, கொடியில் துணி காய்கிறது, அவள் தன் வீட்டு நடுக்கூடத்தில் குத்துக்கல்லாக நிற்கிறாள். அவள் முகத்துக்கு நேராகவே அவளைக் குடும்பத்தோடு காலி செய்கிறார் இந்த மனிதர். முதலில் இல்லாத உயரத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். இப்போது இருக்கிற பிள்ளையையே இல்லையென்கிறார்கள்.

"எங்க சார் மாறிப் போனோம்? அந்த விலாசத்தையும் நீங்களே சொல்லிடுங்க. சாமான் தூக்கணும்ல."

நிர்மலன் வாயைத் திறக்கும் முன்பே உஷாந்தி புகுந்தாள். போன வருஷம் அளக்கவே இல்லை என்று அந்தப் பதிவை ரத்து செய்தால் புது எண்ணை டேப்லட் எடுத்துக்கொள்ளும். ஆனால் அன்று கையெழுத்துப் போட்டவரே தன் குரலில் அதைச் சொல்லிப் பதிய வேண்டும்.

மூன்று பேரும் விமலனைப் பார்த்தார்கள்.

நிர்மலன் முந்திக்கொண்டார். இப்போது குரலில் அந்தப் பசியாறல் கரிசனம் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணே. அளந்தாங்கன்னு சைன் வச்சது நீங்க. இல்லைன்னு சொன்னா அது பொய் சைன். மேல இருந்து கேள்வி வரும். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

விமலன் உட்கார்ந்துவிட்டான். லோரிக்குப் பின்னால் இரண்டு டன் சரக்கோடு இறக்கத்தில் இறங்குகிறவன், இந்த ஒரு வார்த்தையைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தான். திலகவதி அவன் பக்கத்தில் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"செத்தவரை நெனச்சு ஒரு வருசம் போச்சு. இந்த சாரை நெனச்சு இன்னொரு வருசம் போகணுமா?"

அவன் எழுந்தான். டேப்லட்டுக்கு முன்னால் வந்து, யாரோ போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவைத்த மாதிரி நிமிர்ந்து நின்றான். தன் பெயரைச் சொன்னான்.

"போன வருசம் என் பிள்ளையை யாரும் அளக்கல. நான்தான் விடல. அளந்தாங்கன்னு சைன் வச்சதும் நான்தான்." அவன் முடித்துவிட்டான் என்று உஷாந்தி விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். அவன் நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பையன் போறப்போ சொன்னான். நீங்க மட்டும் இல்லண்ணே, இந்தப் புளோக்குல ஒரு வீட்டுலயும் பலகையில படுக்கவைக்க விடல, எல்லாத்துக்கும் நானே போட்டுட்டேன்னு."

நிர்மலனின் கை டேப்லட்டுக்கு நீண்டது. உஷாந்தி அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். பதிவு முடிந்ததற்கான சின்ன மணி ஒலித்தது.

உஷாந்தி கசப்பாக இன்னொரு விஷயமும் சொன்னாள். போன வருஷம் மலாக்காவிலேயே ஒரு தப்பும் இல்லாத புளோக் என்று கூட்டம் போட்டுப் பாராட்டினார்களாம், இந்தப் புளோக்கைத்தான். எல்லாப் பிள்ளையும் கோடு பிடித்த மாதிரி சராசரியாக இருந்தது. பாராட்டு வாங்கியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. நிர்மலன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தொன்று. டேப்லட் எடுத்துக்கொண்டது. அடுத்த நொடியே, மிகவும் குறைவு என்று எச்சரித்து, ஆஸ்பத்திரிக்குச் சேதியையும் அனுப்பியது. வியாழக்கிழமை காலை வரச் சொல்லி அங்கிருந்து நேரமும் வந்தது. திலகவதி தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது. அன்றைக்கு லீவு சொல்லுங்க, மூணு பேரும் போறோம் என்று விமலனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். மன்னிப்பு கேட்க வாயெடுத்தவனை, அதெல்லாம் அப்புறம் என்று கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தக் கோபம் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. எங்கும் போய்விடாது.

நிர்மலன் வாசலில் தயங்கினார். தணிந்த குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி பேசினார்.

"உங்க பிள்ளைக்கு வேண்டியது கிடைச்சிருச்சே அக்கா. இதோட விட்டுடலாமே."

"எப்ப கிடைச்சது சார்? ஒரு வருசம் கழிச்சு. அதுவும் நான் இந்த வீட்டுல இருக்கேன்னு உங்ககிட்டயே சண்டை போட்டு."

அவள் அடுப்பை அணைத்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்து கவிஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு லேசாக இருக்கிறாள் என்று தினமும் தெரிந்ததுதான், இன்றைக்கு அது கையில் சுட்டது. செருப்பை மாட்டினாள். உஷாந்தியைப் பார்த்து, வாங்க மிஸ்ஸி என்றாள். உஷாந்தி இந்த முறை திருத்தவில்லை. டேப்லட்டோடு பின்னால் போனாள்.

இரண்டாவது மாடியில் ராஜம்மா அக்கா வீடு. அவர் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள், இன்னும் மூன்று வயது முடியவில்லை, நோஞ்சான்கள். அந்த வீட்டுக்கும் வளர்ச்சி இயல்பு என்று கடிதம் வந்திருந்தது. திலகவதியும் போய்ப் பார்த்து, நல்ல சேதிதான் என்று சந்தோஷப்பட்டுவிட்டு வந்தவள்தான்.

இரும்புக் கதவை அவள் கையால் தட்டவில்லை, உலுக்கினாள்.

கதவு திறந்தது. பின்னால் படிக்கட்டில் நிர்மலன் யாருக்கோ அவசரமாகப் போன் போடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, போன வருசம் உங்க பேரப் பிள்ளைங்களை யாராச்சும் தொட்டு அளந்தாங்களா?" என்று கேட்டாள் திலகவதி.