பெயரில்லாத தலை

காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்ததும் போடில் முதலில் த்ரீடி பிரிண்டர்களைப் பார்க்கப் போனாள். பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டறை பதினோரு வருடமாக அவள் பொறுப்பில் இருக்கிறது. மாணவர்கள் முந்தின நாள் ஓடவிட்டுப் போனதில் பாதி, காலையில் பிளாஸ்டிக் நூல்சிக்காகத்தான் கிடக்கும்.

நான்காவது இயந்திரத்தில் ஒரு ஆணின் தலை முழுதாக முடிந்து நின்றது. மூடிய கண்கள், முடியில்லாத மண்டை. மூக்கு நடுவில் ஒடிந்து இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அந்த மூக்கை ஒடித்தவளே அவள்தான். ஒன்பது வயதில், படகுச் சண்டையில், தம்பி ட்ரோல்ஸ் மேல் வீசிய துடுப்பு. போன நவம்பரில் அவன் இறந்துவிட்டான். நாற்பத்தொன்பது வயது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள்.

"என்ன போடில், என் தலைவர் முழுசா வந்துட்டாரா?" சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தாள் விபேக்கே, வடிவமைப்பு மாணவி.

"இது யாரு?"

"யாருமில்ல. அதுதான் என் ப்ராஜெக்டே. முன்பின் தெரியாதவங்க முகம்."

"எங்கேருந்து எடுத்தே?"

அவள் குரலைக் கேட்டு விபேக்கேயின் சிரிப்பு அடங்கியது. "ஆஸ்பத்திரியில நோயாளிங்க ஆராய்ச்சிக்குன்னு கொடுத்த தலை ஸ்கேன். யார் வேணாலும் எடுக்கலாம்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. பேர் கிடையாது."

"எனக்குப் பேர் தெரியும். என் தம்பி."

விபேக்கே வாயைப் பொத்திக்கொண்டாள். கணினியில் அந்த ஸ்கேன் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். இரண்டே வரி. ஆண், வயது 47. மூளையில் ரத்தக்குழாய் வீக்கம், கண்காணிப்பில்.

போடில் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்படியானால் இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு துடுப்புப் போட்டவன், 'கிழவி, வேகமா இழு' என்று கேலி செய்தவன், எல்லாம் தெரிந்துகொண்டே செய்திருக்கிறான்.

அங்கேயே நின்று அவன் மனைவி மெரேட்டேவைக் கூப்பிட்டாள்.

"மூளையில வீக்கம் இருக்குன்னு ட்ரோல்ஸுக்கு முதல்லயே தெரியுமா?"

"யார் சொன்னா உனக்கு?" என்றாள் மெரேட்டே.

"மெரேட்டே, உனக்கும் தெரியுமா?"

"சத்தியம் வாங்கிட்டான் போடில். உனக்குத் தெரிஞ்சா அவனைப் படகுல ஏறவே விடமாட்டேன்னு..."

"விட்டிருக்க மாட்டேன்தான்! உயிரோட இருந்திருப்பானே!"

"டாக்டர் துடுப்பு போடலாம்னுதான் சொன்னார். ஆபரேஷன்தான் அதைவிட ஆபத்துன்னார். அவன் செத்தது படகுலயா? சமையலறையில, ரொட்டி வெட்டிட்டிருக்கும்போது."

போடில் போனை வைத்தாள். லேசர் கட்டர் பக்கம் வந்த இரண்டு மாணவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார்கள்.

"அழிச்சிடறேன்," என்றாள் விபேக்கே. "ஃபைலையும் சேர்த்து. சத்தியமா எனக்குத் தெரியாது."

"உன் மேல தப்பில்ல. அவனே கொடுத்தது. எங்கிட்ட மட்டும்தான் சொல்லல."

ஒரு குறடு எடுத்து, தலையின் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்திருந்த பிளாஸ்டிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். விபேக்கே குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும், பட்டறைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, தலையைத் தன் கம்பளிச் சால்வையில் சுற்றிக்கொண்டு போடில் காரில் ஏறினாள்.

மெரேட்டே தன் வீட்டுக் கதவருகிலேயே காத்திருந்தாள். சால்வை விலகியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போடிலும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றாள். "எதையும் விடாதே."