பொரி திரும்புவதற்கு முன்னால்

1

இந்தக் கதை ஒரு சாவிக்கொத்து கீழே விழுந்ததில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விழுந்தது என்பதுகூடச் சரியில்லை, கில்பர்ட் வேண்டுமென்றே போட்டார். ஐந்து நாய்க்குட்டிகள் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தன. ஆறாவது குட்டி எங்களுடையது. அது புல்லில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

இதை எழுதத்தான் மூன்று வாரமாகத் திண்டாடுகிறேன். ஏழு தொடக்கங்கள் ஆகிவிட்டன. உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: "சனிக்கிழமை காலை ஏழு மணி. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வெறிச்சோடி" — பொய். அந்தப் பாலம் என்றைக்கு வெறிச்சோடியது? அடித்துவிட்டேன்.

நான்காம் தொடக்கம்: "என் பெயர் பொரி. எனக்கு நான்கு மாதம். இன்று என்னை வகுப்புக்குக் கூட்டிப்போகிறார்கள்" — நாயே கதை சொல்வதுபோல. எழுத எழுத எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இரண்டு பக்கம் தாண்டிய பிறகுதான் உறைத்தது: அதற்குத் தன் பெயர் பொரி என்று தெரியாது. அந்தச் சொல்லை அது ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இரண்டு பக்கத்தையும் அழித்தேன்.

ஆகவே நானே சொல்கிறேன். என் பெயர் தாரணி. ஊர் வேலூர். பகலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதி, அதில் அடுத்தவர் தப்புக் கண்டுபிடிக்கக் காத்திருக்கிறேன். கணவன் அஷ்வின் சேலத்துக்காரன், அவனும் அதே தொழில், வேறு கம்பெனி. எங்களுக்கு நாலாவது மாடியில் வீடு.

2

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது. பகலில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று நினைக்காதீர்கள், அது தனி. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு பேர் தலையிலும் ஹெட்செட். அவனுக்கு மீட்டிங் முடியும்போது எனக்குத் தொடங்கும்.

எனவே எல்லாம் கைதான். உள்ளங்கையை உயர்த்தினால் "இரு, மீட்டிங்கில் இருக்கிறேன்." கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் "காபி?" உதட்டில் விரல் வைத்தால் "மைக் ஆன்ல இருக்கு, மூச்சு விடாதே." மணிக்கட்டைச் சுழற்றினால் "முடிஞ்சுதா? கீழே போகலாமா?" இதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. தானாக வந்து வீட்டில் ஒட்டிக்கொண்டது.

பொரி இந்த வீட்டுக்கு வந்தது அடுகோடி ஏரியாவில் முனிராஜ் என்பவரின் வெல்டிங் ஷெட்டிலிருந்து. அங்கே ஒரு டால்மேஷன் நாய் குட்டி போட்டிருந்தது. அப்பா யாரென்று முனிராஜுக்கே தெரியாது. உடம்பெல்லாம் வெள்ளை, அங்கங்கே கொஞ்சம் தீய்ந்த பொரிபோல நாலைந்து புள்ளிகள், ஒரு கண் நீலம். வந்த ஆறு வாரத்தில் அது உள்ளங்கையைக் கண்டால் உட்கார்ந்தது. உதட்டில் விரலைக் கண்டால் படுத்தது. மணிக்கட்டு சுழன்றால் கதவுக்கு ஓடியது.

"இவ்ளோ சமத்தா ஒரு நாயை நான் பாத்ததே இல்ல தாரு" என்பான் அஷ்வின்.

"வளப்பு அப்படி" என்பேன் நான்.

[அடிக்குறிப்பாக வைக்க வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சிரிக்காதீர்கள். குக்கர் விசிலுக்கே பயப்படாத நாய் என்று அபார்ட்மெண்ட் முழுக்கப் பெருமையடித்தவள் நான். தீபாவளிக்கு மற்ற நாய்களெல்லாம் குளியலறையில் ஒளிந்துகொண்டு நடுங்கும்போது எங்களுடையது பால்கனியில் நின்று வெடியை வேடிக்கை பார்க்கும் என்றுகூடச் சொல்லி வைத்திருந்தேன்.]

3

அடங்கி நடக்கப் பழக்கும் வகுப்பு, இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே வேலி போட்ட ஒரு காலி மனையில் நடந்தது. பயிற்சி தருகிற கில்பர்ட், கோலார் தங்கவயல்காரர். இப்போது பொம்மசந்திராவில் குடியிருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். நாய்களிடம் குறைவாகவும் மனிதர்களிடம் அதைவிடக் குறைவாகவும் பேசுகிறவர்.

"அல்லாரும் கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றார். "கையில பிஸ்கட் கீதுன்னு அதுக்குத் தெரியும். கையத்தான் பாக்கும், உங்கள மதிக்காது. வாயால சொல்லுங்க."

பக்கத்தில் ஷ்ரேயாஸ் என்ற கன்னடப் பையன் ஒரு பீகிள் குட்டியோடு நின்றான். மூன்றாவது தடவை சொன்னதும் அவனுடைய குட்டி உட்கார்ந்தது. நான் அசால்ட்டாக, "பொரி, உக்காரு" என்றேன்.

பொரி என் முகத்தைப் பார்த்தது. வால் புல்லைக் கூட்டியது. "உக்காரு." வால் இன்னும் வேகமாகக் கூட்டியது. "சிட்." ஒன்றுமில்லை.

ஷ்ரேயாஸ் சிரித்துக்கொண்டே, "கன்னடதல்லி ஹேளி நோடி மேடம்" என்றான். கன்னடத்தில் சொல்லித்தான் பாருங்களேன் என்று. வெட்கத்தை விட்டு அதையும் செய்தேன். "கூத்கோ பொரி, கூத்கோ."

அப்போது அது ஒன்று செய்தது. எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கட்டியிருந்த என் இரண்டு கைகளையும் அண்ணாந்து பார்த்தது.

எல்லோரும் சிரித்தார்கள். கில்பர்ட் சிரிக்கவில்லை. என் கைகள் அசையாததில் அலுத்துப்போய்ப் பொரி புல்லில் உட்கார்ந்ததும், மெதுவாக அதன் முதுகுப் பக்கம் வந்தார். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒரு கல்மேல் போட்டார். மீதியை முதல் பத்தியில் சொல்லிவிட்டேன்.

4

"மேடம், இதுக்குக் காது கேக்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது. "எங்க வீட்ல சொன்னதெல்லாம் கேக்குது சார்."

"சொன்னது இல்ல மேடம். காட்னது." அவர் புல்லில் உட்கார்ந்தார். "வெள்ளை நாயிங்களுக்கு இது உண்டு. கண்ணு நீலமா இருந்தா இன்னும் ஜாஸ்தி. டாக்டராண்ட காட்டுங்க, அவரும் இதத்தான் சொல்வாரு. எங்கப்பா மைன்ஸ்ல டிரில் மிஷின் புடிச்சவரு. எனக்கு நெனவு தெரியறப்பவே அவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. கேக்காதவங்க மூஞ்சிய எப்டி பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

பிறகு, "இப்ப கைய முன்னால கொண்டாங்க" என்றார்.

நான் உள்ளங்கையை உயர்த்தினேன். கை முழுதாக மேலே போகும் முன்பே பொரி உட்கார்ந்துவிட்டது. உதட்டில் விரல் வைத்தேன். படுத்தது. மணிக்கட்டைச் சுழற்றினேன். மனையின் கேட்டைப் பார்த்து ஓடி, கயிறு இழுத்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்து நின்றது.

கில்பர்ட் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "யார் சொல்லிக்குடுத்தது?" என்றார்.

"யாரும் சொல்லிக்குடுக்கல சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதுபோல இருந்தது.

[இந்த இடத்தில் "என் உடம்பு சிலிர்த்தது" என்று எழுதியிருந்தேன். தேய்ந்த வாக்கியம் என்று எடுத்தேன். வேறு எதை வைத்தாலும் பொய்யாக இருக்கிறது. சிலிர்க்கத்தான் செய்தது.]

5

அன்று மத்தியானமே டாக்டர் பார்த்தார். இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்காது என்றார். வீட்டுக்கு வந்து நானும் அஷ்வினும் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தோம். எங்கள் கையில் எத்தனை வார்த்தை இருக்கிறது, அதில் பொரிக்கு எத்தனை தெரியும் என்று.

நாங்கள் அறிந்தவை பதினொன்று. பொரி அறிந்தவை இருபத்து மூன்று.

மீதிப் பன்னிரண்டை நாங்கள் எங்கள் மொழி என்றே நினைத்ததில்லை. அஷ்வின் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சமையலறைக்குப் போகப் போகிறான் என்று அர்த்தம். நான் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தால் சண்டை வரப்போகிறது, பொரி கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்கே தெரியாது, நான் சண்டைக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுகிறேன் என்று. ஆறு வருடமாகக் கூட வாழும் அஷ்வினுக்கும் தெரியாது. சத்தம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத ஒரு உயிர், எங்கள் வீட்டுக்குள் வந்து, எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மொழியை ஆறு வாரத்தில் தனியாகப் படித்து முடித்திருக்கிறது.

"அப்ப பொரின்னு கூப்ட்டா எப்படி வருது?" என்றான் அஷ்வின்.

கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் என்னையே கவனித்தான். "உன் புருவம் தாரு. பேரைச் சொல்றப்ப ரெண்டு புருவமும் மேல போகுது."

வாயைத் திறக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்தினேன். பொரி எழுந்து வந்தது. நாங்கள் மூன்று நாள் சண்டை போட்டு வைத்த பெயர் அதற்குப் போய்ச் சேரவே இல்லை. அதன் பெயர் என் முகத்தில் இருந்திருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். நான் எழுதியதை இப்படி ஒருவர் படித்ததில்லை.

6

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழகாகவும் இருக்கும், நானும் யோக்கியமாகத் தெரிவேன். ஆனால் அன்று சாயங்காலம் முனிராஜ் போன் செய்தார். காது விஷயம் கேட்கத்தான் அஷ்வின் அவரை அழைத்திருந்தான்.

"அய்யோ, எனக்குத் தெரியாது மேடம், தேவராணைக்கும். ஒண்ணு பண்ணுங்க. இதோட கூடப் பொறந்தது ஒண்ணு இங்கயே கீது. தகர டப்பாவத் தட்டினா எங்க இருந்தாலும் ஓடியாரும். ஓசூர் பார்ட்டி ஒருத்தரு நாளைக்கு நாலு மணிக்கு வந்து எடுத்துக்கினு போறேன்னாரு. அதுக்குள்ள சொல்லுங்க. மாத்திக்கினு போங்க."

மாற்றினால் பொரி அந்த ஷெட்டுக்குத் திரும்பும். அங்கே நாள் முழுவதும் வண்டிகள் ரிவர்ஸில் வந்து நிற்கும். யாராவது "டேய், நாய்!" என்று கத்தினால் மற்ற குட்டிகள் விலகும். இதைச் சொல்ல முனிராஜுக்கும் வாய் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

இனி வருவதை இரண்டாம் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: அடுத்த மாதத்திலிருந்து இருவரும் வாரம் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும் என்பதை நினைத்து, அஷ்வின் தயங்கித் தயங்கி, "மாத்திடலாமா?" என்றான்.

அஷ்வின் அப்படிச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என்னுடையது. அவன்மேல் ஏற்றிவிட்டேன். கணவன் பாத்திரம் கொஞ்சம் சப்பென்று இருந்தது, கனம் கொடுக்கலாம் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ரோட்டில் கயிறு நழுவினால் எப்படிக் கூப்பிடுவேன் என்று ஒரே பயம். பொரி காலடியில் இருந்தது. அதன் முன்னாலேயே சொன்னேன், கேட்காது என்கிற தைரியத்தில்: "மாத்திடலாமா?"

அஷ்வின் கீழே பார்த்தான். பொரி இல்லை. கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. என் கண்ணாடி என் கையில் இருந்தது.

இதை எழுதாமல் விட்டுவிட எவ்வளவோ பார்த்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடித்து, மூன்று மணிக்கு எங்களுக்காக மட்டும் கில்பர்ட் அந்த மனைக்கு வந்தார். வேலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கேட்டைச் சாத்தினார், பொரியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது நேராக எதிர்க்கோடி வேலிக்குப் போய், மனைக்கு வெளியே வட்டமிட்ட பருந்துகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. எங்களுக்கு முதுகு.

"கூப்டுங்க" என்றார் கில்பர்ட்.

கையை உயர்த்தினேன், இறக்கினேன். புருவத்தை உயர்த்தினேன். நாற்பது அடி தூரத்தில் அது பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி சார் கூப்பிடறது?"

"முதுகு காட்டிக்கினு இருந்தா கூப்ட முடியாது மேடம். எங்கப்பா ரோட்ட பாத்துக்கினு ஒக்காந்திருப்பாரு. சோறு ரெடின்னா நாங்க பின்னால போயி நிப்போம். தொட்டா திடுக்குன்னு பயந்துடுவாரு. அதனால சும்மா நிப்போம். அவரே திரும்புவாரு."

"எவ்ளோ நேரம்?"

"அத யாரு பாத்தா? நாம அங்க இருப்போம்னு அதுக்குத் தெரியணும். தெரிஞ்சிடுச்சின்னா, அடிக்கடி அதுவே திரும்பிப் பாக்கும். வாழ்நாள் பூரா பாக்கும்."

மணி மூன்றே முக்கால். பையில் போன் அதிர்ந்தது. முனிராஜ்: "ஓசூர் பார்ட்டி வந்துட்டாரு மேடம். இன்னா முடிவு?"

கேட்டருகே நின்ற அஷ்வின் மணிக்கட்டைச் சுழற்றினான். முடிஞ்சுதா? நான் உள்ளங்கையை உயர்த்தினேன். இரு.

8

முடிவு. இரண்டு எழுதினேன்.

முதல் முடிவில் பொரி அந்தக் கணமே திரும்பி, காது பறக்க ஓடிவந்து என் கைகளில் விழுகிறது, நான் அழுகிறேன், கில்பர்ட் தொப்பியைக் கழற்றுகிறார். தொப்பியை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. இன்னொரு தடவை கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது முடிவில் அது திரும்பவே இல்லை. வெயில் இறங்குகிறது, நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு அடுகோடிக்கு — இதை முடிக்கவில்லை. பாதியிலேயே எழுந்து போய்ப் பொரி தூங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

[ஆமாம், எழுந்து போய்ப் பார்த்தேன் என்று எழுதியதில் ஒரு விஷயம் கசிந்துவிட்டது. பரவாயில்லை, இருக்கட்டும்.]

உண்மையில் அது திரும்பியதா, எவ்வளவு நேரத்தில் திரும்பியது, திரும்பி எங்களில் யாரைப் பார்த்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உடனே திரும்ப வைத்தாலும் சரி, ஒரு மணி நேரம் எங்களை வெயிலில் நிறுத்தினாலும் சரி. பருந்துக்குப் பதில் பட்டம் வைத்தாலும் கேட்க மாட்டேன்.

ஒன்றைத் தவிர. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, "மாத்த வேணாம் அண்ணா. பொரி எங்க வீட்லயே இருக்கட்டும்" என்று அடித்து அனுப்பினேன். போனைப் பையில் போட்டேன். இரண்டு கையும் காலியாக, அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அனுப்பியபோது அது இன்னும் திரும்பவில்லை. இந்தக் கதையில் ஒரு பொய் சொல்லி, அதை உங்களிடம் ஒப்புக்கொண்டும் விட்டேன். இது பொய்யில்லை. வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.